முக்கால் ஹெச்.பி. நீர்மூழ்கி

வீட்டுப் பட்டறையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நீர்மூழ்கி செய்யலாம் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் கேட்பது "என்ன இன்ஜின் போடுவீங்க?" என்பதுதான். நான் கோவையில் பம்ப் மோட்டார் தொழிலில் இருப்பவன். அதனால் என்னிடம் அந்தக் கேள்வி இன்னும் வேகமாக வரும். எத்தனை ஹெச்.பி., எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அடுக்குவார்கள். சில வருடங்களாக மாலை நேரங்களில் ஒரு சிறு நீர்மூழ்கியை வரைந்து, அழித்து, மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். அதில் எனக்கு உறுதியாகிவிட்ட விஷயம் ஒன்று உண்டு. மோட்டார் இருப்பது படகை நகர்த்துவதற்கு. மேலே வருவதற்கு மின்சாரத்தை நம்பவே கூடாது. இந்த முடிவை முதலில் எடுத்துவிட்டால் மீதிக் கணக்கு எல்லாம் நம் கைக்கு அடங்கிவிடுகிறது.

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் நீளம் உள்ள உருளை. இரண்டு முனையிலும் அரைக்கோள மூடி. இதன் கொள்ளளவு சுமார் 2.1 கன மீட்டர். அப்படியென்றால் இது முழுதாக மூழ்க 2,100 கிலோ எடை இருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் செய்தால் கூடு மட்டும் 600 கிலோ. உள்வளையங்கள், நுழைவாயில், ஜன்னல் விளிம்பு எல்லாம் சேர்த்து 800 என்று வையுங்கள். ஓட்டுபவர், பேட்டரி, மோட்டார், காற்றுச் சிலிண்டர்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றினாலும் 1,100 கிலோவைத் தாண்டுவது சிரமம். மீதி ஒரு டன்னுக்கு ஈயமோ இரும்போ அள்ளிப் போட வேண்டும்.

விமானம் செய்பவரும் கார் செய்பவரும் ஒவ்வொரு கிராமாகக் குறைக்கப் பாடுபடுகிறார்கள். இங்கே ஒரு டன் எடை நமக்கு இனாமாகக் கிடைக்கிறது. தகட்டை இன்னும் கனமாகப் போடலாம், கனமான பேட்டரி வைக்கலாம். அடியில் இருக்கும் வரை எடை எல்லாம் நல்லதே. தண்ணீருக்குள் முழுதாக மூழ்கிய படகு நிமிர்ந்து நிற்பதற்கு ஒரே நிபந்தனைதான்: அதன் எடை மையம், மிதப்பு மையத்துக்கு, அதாவது படகு விலக்கும் தண்ணீரின் நடுப்புள்ளிக்கு, கீழே இருக்க வேண்டும். ஈயத்தையும் பேட்டரியையும் அடியில் வைத்தால் அது தானாக நிறைவேறிவிடும்.

கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி: குளத்துத் தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் இரண்டரை சதவீதம் கனம். குளத்தில் சரியாகச் சமன் செய்த இதே படகைக் கடலில் இறக்கினால் 50 கிலோவுக்கு மேல் மிதப்பு கூடி, முங்கவே மறுக்கும். கடலில் சமன் செய்ததைக் குளத்தில் விட்டால் நேராக அடிக்குப் போய்விடும். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து.

இனி மேலே வருவது. இதில் பழைய ஆட்கள் நமக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் டேவிட் புஷ்னெல் 1775-இல் மரத்தில் செய்த 'டர்ட்டில்' ஓர் ஆள் படகு. காலால் ஒரு வால்வை மிதித்தால் தண்ணீர் உள்ளே வரும், கைப்பம்பால் அடித்து வெளியேற்றலாம். முன்னே போகவும் மேலே கீழே போகவும் கையால் சுற்றும் திருகுகள். இவ்வளவும் இருந்தும், அடியில் 90 கிலோ ஈயத்தை உள்ளே இருந்தபடியே கழற்றி விடும்படி வைத்திருந்தார். திருகும் பம்பும் கைவிட்டால் ஈயத்தை விட்டுவிட்டு மேலே வந்துவிடலாம். அத்தனை பழைய படகிலேயே இந்த யோசனை இருந்தது.

அந்த ஏற்பாடு இருந்தாலும் கை போய்ச் சேர வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஓடிய 'ஹன்லி'யில் எட்டுப் பேர். ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து கையால் அச்சைச் சுற்ற, ஒருவர் ஓட்டினார். வெள்ளோட்டத்திலேயே இரண்டு முறை மூழ்கி 13 பேர் இறந்தார்கள். படகுக்குப் பெயர் கொடுத்த ஹோரஸ் ஹன்லியும் அதில் ஒருவர். 1864 பிப்ரவரி 17-இல் ஒரு போர்க்கப்பலை வெடித்து மூழ்கடித்த பிறகு அதுவும் மூன்றாவது முறையாக எட்டுப் பேரோடு அடிக்குப் போனது. 2000-ஆம் ஆண்டு மேலே எடுத்து, கல் மாதிரி படிந்திருந்த கடல் படிவைப் பல வருடம் சுரண்டிப் பார்த்தபோது தெரிந்தது, அடியில் அவசரத்துக்குக் கழற்றி விடும் எடைக்கட்டைகள் அப்படியே இருந்தன. யாரும் கழற்றவில்லை. ஆட்கள் அவரவர் இடத்திலேயே கிடந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு என் வரைபடத்தில் எடையை விடும் கைப்பிடியை இருக்கைக்குப் பின்னாலிருந்து எடுத்து, வலது முழங்காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, படகு சாய்ந்திருந்தாலும், ஒரு கையால் திருக முடிய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு 'ட்ரியஸ்ட்' கலத்தில் இருந்தது. 1960 ஜனவரி 23-இல் ஜாக் பிக்காரும் டான் வால்ஷும் அதில் உலகக் கடல்களிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடிவரை போய் வந்தார்கள். அதில் டன் கணக்கில் இரும்புக் குண்டுமணிகளை ஒரு புனல் மாதிரியான தொட்டியில் ஏற்றி, வாயில் மின்காந்தம் வைத்துப் பிடித்திருந்தார்கள். மின்சாரம் இருக்கும் வரை இரும்பு நிற்கும், மின்சாரம் போனால் இரும்பு கொட்டிவிடும், கலம் மேலே வந்துவிடும். பேட்டரி செத்துப்போவது ஆபத்தாக இல்லாமல் வீட்டுக்குத் திரும்பும் வழியாகிவிடுகிறது. வடிவமைத்த ஆகஸ்ட் பிக்காரை அந்த ஒரு காரணத்துக்காகவே கும்பிடலாம்.

இதற்கு மேல் மிதவைத் தொட்டிகள் உண்டு. படகின் இரு பக்கமும் அடி திறந்த தொட்டி. மேலே உள்ள வால்வைத் திறந்தால் காற்று போய்த் தண்ணீர் ஏறும், படகு முங்கும். சிலிண்டரிலிருந்து காற்றை அடித்தால் தண்ணீர் வெளியேறும், படகு மிதக்கும். இந்தத் தொட்டியைப் பாதி காற்றோடு விட்டுவிட்டுக் கீழே போகக் கூடாது. பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும். மிதப்பு குறையும், படகு இன்னும் இறங்கும், இன்னும் சுருங்கும். மேலே வரும்போது இதே கதை தலைகீழாக நடந்து, படகு எகிறிக்கொண்டு வெளியே வரும். ஆகவே தொட்டி ஒன்று முழுக்கத் தண்ணீர், அல்லது முழுக்கக் காற்று. நுணுக்கமான சமன்பாட்டுக்கு அழுத்தம் தாங்கும் சிறு தொட்டி தனியாக வேண்டும்.

சரி, இப்போது மோட்டார்.

தண்ணீர் கொடுக்கும் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதற்கு வேண்டிய திறன் வேகத்தின் மும்மடியில் ஏறும். என் படகுக்கு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இழுவை சுமார் 20 கிலோ வருகிறது. படகைத் தள்ளும் விசிறியின் இழப்பையெல்லாம் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 500 வாட் எடுக்க வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் முக்கால் ஹெச்.பி.கூட முழுதாக இல்லை. ஆனால் வேகத்தை இரட்டிப்பாக்க ஆசைப்பட்டால் 4,000 வாட். எட்டு மடங்கு. நொடிக்கு ஒரு மீட்டர் என்பது சாவகாசமாக நடக்கும் வேகம்தான். தண்ணீருக்குள் பார்க்கப் போகிறவருக்கு அதற்கு மேல் எதற்கு? ஜன்னல் வழியே தெரிவதே சில மீட்டர் தூரம்தான்.

மேலை நாடுகளில் வீட்டில் நீர்மூழ்கி செய்பவர்கள் பலர், தூண்டில் போடும் சிறு படகுகளுக்கு விற்கிற மின்மோட்டார்களையே எடுத்துக்கொள்கிறார்கள். 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுத்து 25 கிலோ உந்துவிசை தரும் மோட்டார் கடையிலேயே கிடைக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போட்டால் திருப்புவதற்குத் தனிச் சுக்கானும் வேண்டாம்.

பேட்டரிக்கு யு.பி.எஸ்-இல் இருக்கும் மூடிய ஈய அமில வகை, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி, நாலு. மொத்தம் 120 கிலோ. 4.8 யூனிட் தேக்கம். ஆயுள் கெடாமல் பாதியைத்தான் எடுப்பேன் என்றாலும் 500 வாட்டில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஓடும். 4,000 வாட்டில் ஓட்டினால் அரை மணி நேரம்கூடச் சந்தேகம், ஏனென்றால் ஈய பேட்டரியை வேகமாக இழுத்தால் முழுதாகத் தராது. லித்தியம் போட்டால் எடை குறையுமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எடை குறைந்தால் அந்த இடத்தில் ஈயக்கட்டி வைக்கப் போகிறேன், எதற்குக் குறைக்க வேண்டும்? அதோடு, அடைத்த கூட்டுக்குள் லித்தியம் தீப்பிடித்தால் ஓட இடமில்லை.

ஈய பேட்டரிக்கும் குணக்கேடு உண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் அது நாலு சதவீதத்தைத் தொட்டால் ஒரு சிறு பொறி போதும். அமிலத்தில் கடல்நீர் பட்டால் குளோரின் வாயு. இந்தக் குளோரின் பழைய போர்க்கால நீர்மூழ்கிகளில் பல உயிர்களுக்கு எமனாக வந்தது. அதனால் பேட்டரியை ஆள் இருக்கும் கூட்டுக்கு வெளியே, அடியில் தனி உருளைகளில் வைக்கிறேன். ஒன்று நாசமானாலும் மூச்சுக்காற்று கெடாது.

மின்சாரத்துக்கு முன்னால், அடைத்த கூட்டை ஓட்டும் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த நார்சீஸ் மொன்துரியோல். கடலில் பவளம் எடுக்கிறவர்கள் முங்கிச் சாவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் நீர்மூழ்கி செய்யப் புறப்பட்டவர். 1859-இல் பார்சிலோனாவில் இறக்கிய அவருடைய முதல் 'இக்தினியோ' கைவலுவில் ஓடியது. 1864-இல் இறக்கிய இரண்டாவது பெரிய படகும் ஆட்கள் சுற்றித்தான் நகர்ந்தது. கைவலு போதவில்லை. நீராவி இன்ஜினுக்கு நெருப்பு வேண்டும், நெருப்பு ஆட்களின் காற்றைத் தின்றுவிடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? துத்தநாகம், மாங்கனீஸ் டை ஆக்சைடு, பொட்டாசியம் குளோரேட் மூன்றையும் கலந்து, நெருப்பே இல்லாமல் ரசாயன வெப்பத்தில் கொதிகலனைச் சூடாக்கினார். அந்த வினையில் ஆக்ஸிஜனும் கிடைத்தது, அதை உள்ளே மூச்சுக்கு விட்டார். 1867-இல் அது வேலையும் செய்தது. ஆனால் அடைத்த மரக்கூட்டுக்குள் கொதிகலன் வைத்தால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். அடுத்த வருடம் பணம் தீர்ந்து, கடன்காரர்கள் கைக்குப் போன படகைக் காயலான் விலைக்கு விற்றுவிட்டார்கள். அத்தனை அறிவும் இருந்த மனிதருக்கு ஒரு நல்ல பேட்டரியும் மோட்டாரும் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

அது கிடைத்த காலத்தில் வந்தவர் ஜான் ஹாலண்ட். அயர்லாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்து அமெரிக்கா போனவர். 1878-இல் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் ஓடும் பசாயிக் ஆற்றில் 14 அடியில் ஓர் ஆள் படகைச் சோதித்தார். அது இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1897-இல் அவர் இறக்கிய படகு மேலே பெட்ரோல் இன்ஜினிலும் உள்ளே பேட்டரியிலும் ஓடியது. 1900-இல் அமெரிக்கக் கடற்படை அதை 1,50,000 டாலருக்கு வாங்கியது. ஹாலண்டிடம் நான் எடுத்துக்கொண்டது அவருடைய இன்ஜினை அல்ல. முங்கும்போதும் படகில் கொஞ்சம் மிதப்பை மிச்சம் வைத்திருப்பார். முன்னே ஓடும் வேகத்தில், துடுப்புத் தகடுகளைச் சாய்த்துத்தான் படகைக் கீழே அமிழ்த்துவார். மோட்டார் நின்றால் படகு தானாக மேலே மிதந்து வரும்.

மோட்டாரே இல்லாமல் செய்தவரும் உண்டு. பதின்ம வயதில் அமெரிக்காவில் தன் முதல் நீர்மூழ்கியைக் கட்டத் தொடங்கிய கார்ல் ஸ்டான்லி, அதை மிதப்பைக் கூட்டிக் குறைத்தே சறுக்கிப் போகும்படி செய்தார். பிறகு ஹோண்டுராஸின் ரோவாத்தான் தீவுக்குப் போய், தானே செய்த 'ஐடபெல்' என்ற படகில் ஆட்களை 2,000 அடி ஆழம்வரை கூட்டிப்போய் வருகிறார்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். அந்தத் தூண்டில் படகு மோட்டார் மேற்பரப்புக்குக் கீழே அரை மீட்டரில் ஓடச் செய்தது. அதன் ஆயில் சீல், அதாவது அச்சு வெளியே வரும் இடத்தை அடைக்கும் ரப்பர் வளையம், நான் போக நினைக்கும் 30 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தை எப்படித் தாங்கும்? இந்தக் கேள்விக்கு விடை எங்கள் ஊரில் தினமும் லாரியில் ஏறிப்போகிறது. கோவைப் பக்கம் ஆயிரம் அடி போர்வெல் சாதாரணம். அத்தனை ஆழத்தில் சப்மெர்சிபிள் மோட்டார் நசுங்காமல் ஓடுவது அதன் இரும்பு கனமாக இருப்பதால் இல்லை. அதற்குள்ளேயே தண்ணீரை நிரப்பித்தான் இறக்குகிறோம். வைண்டிங் கம்பிக்கு பி.வி.சி. உறை. அடியில் ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதாவது சவ்வு, வெளியே எவ்வளவு அழுத்தமோ அதை அப்படியே உள்ளே கடத்திவிடும். உள்ளும் வெளியும் ஒரே அழுத்தம் என்றால் சீலுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வேலையே இல்லை.

படகு மோட்டாருக்கும் அதையேதான் செய்ய வேண்டும். உள்ளே காந்தமும் கார்பன் பிரஷும் இருப்பதால் தண்ணீர் ஆகாது, டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் நிரப்பலாம். கெட்டியான எண்ணெய் என்றால் பிரஷ் எண்ணெய்ப் படலத்தின் மேல் வழுக்கி, தொடர்பு விட்டுப்போகும். கார்பன் தூள் எண்ணெயில் சேர்ந்து கறுத்துப்போவதால் அடிக்கடி மாற்றவும் வேண்டும். பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டார் என்றால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறேன். டயாஃப்ரம் மாதிரி வெளியழுத்தத்தை உள்ளே கடத்தும் எண்ணெய்ப் பைக்கு சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டத் தோன்றும். மாட்டக் கூடாது, அந்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் ரப்பர்தான் சரி. பைக்கு மேல் ஒரு மெல்லிய ஸ்பிரிங் வைத்து உள்ளழுத்தத்தைக் கொஞ்சம் தூக்கலாக வைத்தால், சீல் கசிந்தாலும் எண்ணெய் வெளியே போகுமே தவிரத் தண்ணீர் உள்ளே வராது.

பொள்ளாச்சிப் பக்கம் மாமாவின் தோப்பில் தண்ணீர் மேலாக நிற்கும் போர்வெல் ஒன்று இருக்கிறது. ஆறரை அங்குலக் குழாய், விசிறியைக் கழற்றி இப்படி எண்ணெய் நிரப்பிய படகு மோட்டார் தாராளமாக நுழையும். கயிற்றில் கட்டி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 60 மீட்டர் இறக்கி, அங்கேயே ஓடவிட்டோம். மாமா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மாப்ள, தண்ணி எடுக்காத மோட்டார எதுக்குப் போருக்குள்ள உடறே?" என்றார். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் மேலே இருந்தபோது காட்டியதற்கும் கீழே காட்டியதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. மேலே இழுத்து, எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் வடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் பால் மாதிரி வெளுத்திருக்கும். கொஞ்சம் கறுத்திருந்தது, வெளுக்கவில்லை. மாமா டம்ளரை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கேபிள் கூட்டுக்குள் நுழையும் இடம் இன்னொரு பாடம். வெளியே எங்கேயாவது கேபிள் அறுந்தால், பல இழை செம்புக் கம்பிகளின் இடுக்கு வழியாகவே அழுத்தத்தில் தண்ணீர் ஊர்ந்து உள்ளே வந்துவிடும். உறையைச் சுற்றி எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. நுழைவிடத்தில் இழைகளுக்குப் பதில் ஒற்றைச் செம்புக் கம்பியைப் பற்றவைத்து, எபாக்ஸி ஊற்றி அடைக்க வேண்டும்.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாக. கூட்டுக்குள் மிச்சமுள்ள காற்று 1,500 லிட்டர் என்றால், ஆக்ஸிஜன் குறைவதற்கு முன்னால் கரியமில வாயு கூடித்தான் ஆள் தடுமாறுவார். ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் வெளிவிடுகிறார். இரண்டு மணி நேரத்தில் மூன்று சதவீதத்தை நெருங்கும், தலை வலிக்கும், மூச்சு வாங்கும். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து இயந்திரத்தில் வைக்கிற, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம்தான் இங்கேயும் வேண்டும், ஒரு சிறு கம்ப்யூட்டர் ஃபேன் வைத்து அதன் வழியே காற்றை ஓட்டினால் போதும். அது தீர்ந்தால் வெள்ளையிலிருந்து ஊதாவாக மாறிக் காட்டும். நான் அங்கே கீழே இருக்கப் போவது ஒரு மணி நேரம் என்றாலும், சிக்கிக்கொண்டால் காத்திருக்க மூன்று நாளுக்கான சோடா லைமும் ஆக்ஸிஜனும் ஏற்றியாக வேண்டும். தொழில்முறை நீர்மூழ்கிகளுக்கு 72 மணி நேரம் என்ற அளவு சும்மா வைக்கப்படவில்லை. கதவைத் திறந்து நீந்தி வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 60 சென்டிமீட்டர் கதவின் மேல் பத்து மீட்டர் ஆழத்திலேயே 2.8 டன் உட்கார்ந்திருக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் கூடு முழுதாக இருக்கும் வரைதான். கூடு போனால் எந்த எடையைக் கழற்றியும் பயனில்லை. 2023 ஜூன் 18-இல், டைட்டானிக் சிதைவைப் பார்க்கப் போன 'டைட்டன்' நீர்மூழ்கி ஐந்து பேரோடு நசுங்கியபோது அதில் எடையைக் கைவிட வழிகள் இருக்கத்தான் செய்தன. அதன் கூடு கார்பன் ஃபைபர். அந்தக் கலம், கப்பல்களைச் சோதித்துப் பாதுகாப்புச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனம் எதனிடமும் சான்று வாங்கவில்லை. 2019-இல் பஹாமாஸில் அதில் இறங்கிப் பார்த்த கார்ல் ஸ்டான்லி, கூட்டில் விரிசல் விடும் சத்தம் கேட்டதென்று அதைச் செய்தவருக்கே எழுதி எச்சரித்தார். வீட்டில் படகு கட்டிய ஒருவரின் காதுக்கு எட்டியதை ஒரு நிறுவனம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

நான் எஃகை விட்டு நகர மாட்டேன். 8 மில்லிமீட்டர் தகட்டில் இந்த உருளை, வளையங்களே இல்லாமல், கணக்குப்படி 150 மீட்டர் வாக்கில்தான் நசுங்கும். அரை மீட்டருக்கு ஒரு வளையம் வைத்தால் இன்னும் தாங்கும். நான் போக நினைப்பது 30 மீட்டர். இத்தனை இடைவெளி வைப்பதற்குக் காரணம், அந்தக் கணக்கு முழு வட்டத்துக்கானது. வெளியழுத்தம் எஃகைக் கிழிப்பதில்லை, வட்டம் கோணிய இடத்தைத் தேடி உள்ளே மடக்குகிறது. வெல்டிங் சூட்டில் உருளை கொஞ்சம் முட்டை வடிவமானாலும் தாங்கும் ஆழம் மளமளவென்று குறையும். அதனால் உருட்டித் தரும் பட்டறையில் நான் கேட்கப் போவது விலையைவிட முதலில் வட்டத்தை. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் குறுக்கும் நெடுக்குமாக விட்டத்தை அளந்து எழுதிக்கொள்வேன், வெல்டிங்குக்கு முன்னால் ஒரு தரம், பின்னால் ஒரு தரம்.

அப்புறம் கூட்டை ஆளில்லாமல் கயிற்றில் 40 மீட்டர் இறக்கி, ஒரு மணி நேரம் வைத்து, எடுத்து மறுபடி அளக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் நிற்கும் ஆழமான பழைய கல்குவாரி ஒன்றும், கரையிலிருந்து எட்டிப் பிடிக்கும் கிரேனும் தேடிக்கொண்டிருக்கிறேன். காலிக் கூடு தானாக முங்காது. 800 கிலோவுக்கு மேல் 1,300 கிலோ ஏற்றினால்தான் இறங்கும். பழைய இரும்புக் கடையில் தண்டவாளத் துண்டுகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.